திமிலில் தண்ணீரா, தொப்பியில் மழைநீரா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விடுமுறையில் குடும்பத்துடன் வால்பாறைக்குச் சென்றிருந்தோம். சாலையோர மரமொன்றில் இருவாச்சி இணை ஒன்று வந்து அமர்ந்தது. வண்டி ஓட்டி வந்தவர், "ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைப்பதுபோல, இது அலகுக்கு மேலே இருக்கும் தொப்பியில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்றார். என் மகள் அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "ஒட்டகத்துக்குத்தான் அந்த வசதி, பறவைக்குக் கிடையாது" என்று ஆசிரியை திருத்தினாராம். யார் சொன்னது சரி?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: ஓட்டுநர் சொன்னது முழுத் தவறு, ஆசிரியை சொன்னது பாதித் தவறு. திமிலிலும் தண்ணீர் இல்லை, தொப்பியிலும் தண்ணீர் இல்லை.

திமிலில் இருப்பது கொழுப்பு. நன்றாக மேய்ந்து கொழுத்த ஒட்டகத்தின் திமிலில் 30 கிலோவுக்கு மேலும் கொழுப்பு சேரும். தீனி கிடைக்காத நாட்களில் அந்தக் கொழுப்பு கரையக் கரையத் திமில் தளர்ந்து, காற்றுப் போன பை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து விடும். கொழுப்பு எரிந்தால் தண்ணீர் உண்டாகும் என்று படித்தவர்கள் இங்கே குறுக்கிடலாம். அதுவும் உண்மைதான், ஒரு கிலோ கொழுப்பு முற்றிலும் எரிந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் பிறக்கும். ஆனால் அந்தக் கொழுப்பை எரிக்கப் பிராணவாயு வேண்டும். அதற்காக ஒட்டகம் இழுத்து விடும் ஒவ்வொரு மூச்சோடும் நுரையீரலின் ஈரம் பாலைக் காற்றில் கலந்து போகும். வரவையும் செலவையும் நேர் செய்து பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே திமிலைச் சோற்றுமூட்டை என்று சொல்லலாம், தண்ணீர்க்குடம் என்று சொல்ல முடியாது. அந்த மூட்டை முதுகில் ஒரே இடத்தில் இருப்பதிலும் பயன் உண்டு. அதே கொழுப்பு தோலுக்கு அடியில் உடல் முழுவதும் பரவியிருந்தால், உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழியின்றி ஒட்டகம் வெந்து போயிருக்கும்.

இருவாச்சியின் தொப்பிக்கு வருவோம். அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல இருப்பதால்தான் 'இருவாய்ச்சி' என்ற பெயரே வந்தது என்பார்கள். நகமும் கொம்பும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால் ஆன மெல்லிய ஓடு அது. உள்ளே ஆங்காங்கே எலும்புச் சட்டங்கள் தாங்கி நிற்க, மற்ற இடமெல்லாம் வெற்றிடம். தண்ணீர் புக அதில் வழியே கிடையாது. தண்ணீரை நிரப்பிக்கொண்டு பறக்கவும் முடியாது. இப்போது இருக்கும் அலகின் பாரத்தைத் தாங்குவதற்கே கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றாக இணைந்துள்ளன. தொப்பி எதற்கு என்று கேட்டால், வயதையும் தகுதியையும் காட்டும் அடையாளம், குரலை எடுப்பாக்கும் கூடு என்று பல விளக்கங்கள் உண்டு. ஆண் பறவைகள் வானத்தில் எதிரெதிரே பறந்து வந்து தொப்பியோடு தொப்பி மோதிக்கொள்வதும் உண்டு.

உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஒட்டகக் கன்று பிறக்கும்போது திமிலில் கொழுப்பு இராது. இருவாச்சிக் குஞ்சுக்குத் தொப்பி இராது. அது முழுதாக வளர 5 ஆண்டுகள் வரை பிடிக்கும். இரண்டுக்கும் உண்மையான ஒற்றுமை அவ்வளவுதான்.

கேள்வி: திமிலில் தண்ணீர் இல்லையென்றால், ஒட்டகம் நாட்கணக்கில் தாகம் தாங்குவது எப்படி? வயிற்றில் தனியாகத் தண்ணீர்ப் பை இருப்பதாகவும் படித்திருக்கிறேன்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: வயிற்றுப் பை கதையும் பழங்கதைதான். பாலைவனத்தில் தாகத்தால் தவித்த பயணி, ஒட்டகத்தின் வயிற்றைக் கிழித்துத் தண்ணீர் குடித்து உயிர் பிழைத்தான் என்று பலர் எழுதி வைத்துவிட்டார்கள். வயிற்றில் திரவம் இருப்பது மெய். அது தின்ற தழையோடு கலந்த செரிமான நீர். ஆட்டின் வயிற்றிலும் மாட்டின் வயிற்றிலும் இருப்பதும் அதுவே.

இந்தக் கதைகளையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டவர் கினுட் ஷ்மிட்-நீல்சன் என்ற டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர். 1953–54இல் அவர் அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில் உள்ள பெனி அப்பாஸ் என்ற பாலைவன ஊரில் குடும்பத்தோடு தங்கி, ஒட்டகங்களைத் தண்ணீர் காட்டாமல் நிறுத்தி, அன்றாடம் எடை பார்த்தார். உடல் வெப்பம் அளந்தார். தண்ணீரைச் சேமிக்கும் இடத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது, தண்ணீரைச் செலவு செய்ய மறுக்கும் ஓர் உடல்.

நம் உடலின் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வியர்த்துக் கொட்டுகிறோம். ஒட்டகம் அவ்வாறு பதறுவதில்லை. தண்ணீர் கிடைக்காத காலத்தில் விடியற்காலையில் அதன் உடல் சுமார் 34 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். பகலெல்லாம் வெயிலில் நின்று மெல்ல மெல்லச் சூடேறி மாலைக்குள் 41 டிகிரியை நெருங்கும். அதுவரை வியர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சேர்ந்த சூட்டை இரவுக் குளிரில் செலவில்லாமல் கழித்துவிடும். ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை ஆறேழு டிகிரி சூடேற விடுவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் வியர்வை மிச்சமாகிறது. தாராளமாகத் தண்ணீர் குடித்த ஒட்டகத்தின் உடல் வெப்பம் நாளுக்கு இரண்டு டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்குகிறது என்பதையும் அவரே கண்டார். கையில் காசு இருக்கும்போது கொஞ்சம் தாராளம், இல்லாதபோது கஞ்சத்தனம். முதுகு மயிரைச் சிரைத்துவிட்டால் அதே ஒட்டகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வியர்க்கிறது. கோடையில் கம்பளி போர்த்தியவனைப் பார்த்து நாம் சிரிப்போம்; ஒட்டகத்துக்கு அந்தப் போர்வைதான் குடை.

மூக்கில் இன்னொரு சிக்கனம். நாம் விடும் மூச்சில் ஈரம் நிறைந்திருக்கும். கண்ணாடிமேல் ஊதிப் பார்த்தால் தெரியும். ஒட்டகத்தின் மூக்குக்குள் சுருள் சுருளான மெல்லிய தகடுகள் உள்ளன. இரவில் உள்ளே போகும் குளிர்காற்று அவற்றைக் குளிர்விக்கும். வெளியேறும் சூடான மூச்சு அவற்றில் பட்டு ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். வெளிவிடும் மூச்சோடு போக வேண்டிய ஈரத்தில் பாதிக்கும் மேல் இப்படித் திரும்ப உடலுக்கே வருகிறது. சிறுநீர் கெட்டியாக, கொஞ்சமாக வரும். சாணம் மிகவும் உலர்ந்து விழுவதால் அதை அடுப்பெரிக்கப் பயன்படுத்துகிறார்கள். வரட்டி தட்டிக் காய வைக்கும் வேலைகூட அதிகம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் உடலில் நீர் குறையத்தான் செய்யும். மனிதன் கடும் வெயிலில் தன் எடையில் பன்னிரண்டு விழுக்காட்டளவு நீரை இழந்தாலே உயிர் ஊசலாடும். இரத்தம் தடித்து, இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் போவதுதான் காரணம். ஒட்டகம் எடையில் கால் பங்கை இழந்தும் நடக்கிறது. ஏனெனில் இழப்பு பெரும்பாலும் திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் போகிறது. இரத்தத்தின் நீர் அவ்வளவாகக் குறைவதில்லை. விலா எலும்பு எண்ணும்படி வற்றிய அந்த விலங்கு தொட்டியில் வாய் வைத்தால் 10 நிமிடத்தில் சுமார் 100 லிட்டர் குடித்துவிடும். ஒட்டிய வயிறு நம் கண்ணெதிரே உப்பி நிறையும். வேறு விலங்கானால் அவ்வளவு தண்ணீர் திடீரென்று இரத்தத்தில் கலக்கும்போது சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பவை. இரு மடங்குக்கு மேல் ஊதினாலும் உடைவதில்லை. மிகுதியாகக் குடிப்பதைப் பார்த்துத்தான் 'வரப்போகும் நாட்களுக்குச் சேமிக்கிறது' என்று நம் முன்னோர் முடிவு கட்டினார்கள். அது சேமிப்பு அன்று. பழைய கடனை ஒரே தவணையில் அடைக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் மலையாளத்தவர் இருவாச்சியை வேழாம்பல் என்பார்கள். "வேழாம்பல் மழைக்காக ஏங்கிக் கூப்பிடும், மழைத்துளியைத் தவிர வேறு தண்ணீர் அதற்கு இறங்காது" என்பார்கள். இருவாச்சி உண்மையில் தண்ணீரே குடிக்காதா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டாம் பாதியில் உண்மையின் சாயல் இருக்கிறது. இருவாச்சி தண்ணீர் குடிப்பதைக் காண்பது அரிது.

இதற்கு நல்ல சாட்சி, காட்டில் வாழாத ஓர் இருவாச்சி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலுவலகத்தில் அதன் செயலாளர் ஃபிப்சனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கூண்டில் 'வில்லியம்' என்ற பெரிய இருவாச்சி, 1920இல் இறக்கும்வரை 26 ஆண்டுகள் வாழ்ந்தது. கார்வார் பக்கத்திலிருந்து குஞ்சாக வந்த பறவை அது. வாழைப்பழமும் காட்டு அத்தியும் அதன் உணவு. எலி, தேள், பச்சை இறைச்சி கிடைத்தால் அவற்றையும் விடாது. முப்பது அடி தூரத்திலிருந்து எறியும் டென்னிஸ் பந்தை அலகால் பிடிக்குமாம். எரியும் சுருட்டு ஒன்றை விழுங்கிவிட்டுக் கேடில்லாமல் இருந்ததாகவும் குறிப்பு உண்டு. நமக்கு வேண்டியது வேறொரு குறிப்பு: அது தண்ணீர் குடித்ததாகவோ குளித்ததாகவோ தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கழகத்தின் சின்னத்தில் இன்றும் இருக்கும் பறவை இருவாச்சிதான்.

குடிக்காமல் எப்படி வாழ்கிறது என்றால், அது தண்ணீரைத் தின்கிறது. அத்தி, ஆல், இச்சி வகைப் பழங்கள்தாம் அதன் முதன்மை உணவு. பழுத்த காட்டு அத்தியின் எடையில் பெரும்பகுதி நீர். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கழிவையும் அவை நம்மைப்போல நீரில் கரைத்து வெளியேற்றாமல், வெள்ளைக் களிம்பாக வெளியேற்றுகின்றன. வரவு பழத்தில், செலவு குறைவு. தனியாகக் குடிக்கத் தேவையில்லை. இதில் ஒட்டகமும் அதன் கூட்டாளிதான். குளிர்காலத்தில் பசுந்தழை கிடைக்கும்போது ஒட்டகமும் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பக்கமே போகாது. தார்ப் பாலையில் அது விரும்பி மேயும் கேஜ்ரி மரத்தின் இலையிலிருந்து ஈரம் கிடைத்துவிடும். கேஜ்ரி வேறொன்றும் இல்லை, நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான்.

மழைக்கு ஏங்குகிறது என்ற முதற்பாதிதான் பொருந்தவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இருவாச்சி கூட்டுக்குள் புகுவது பெரும்பாலும் தை, மாசியில். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் குஞ்சு பறந்துவிட வேண்டும். மழைத்துளிதான் தாகம் தீர்க்கும் என்றிருந்தால், ஆண்டின் மிக வறண்ட மாதங்களை எந்தப் பறவையாவது பிள்ளை வளர்க்கத் தேர்ந்தெடுக்குமா? அந்த மாதங்களில் அதன் குரல் மலையெங்கும் எதிரொலிப்பதைக் கேட்டவர்கள், அடுத்து வந்த மழையோடு அதை முடிச்சுப் போட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

மழைத்துளியை உண்டு வாழும் பறவை நம் இலக்கியத்திலும் உண்டு. பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே மழை பொய்த்தால் வாடும் பறவை வருகிறது. உரையாசிரியர் அதை வானம்பாடி என்றார். வடமொழியில் சாதகப் பறவைக்கு இதே கதை. பறவைகள் விஷயத்தில் கற்பனைக்கு இடம் கொடுத்த நம் புலவர்கள் ஒட்டகத்தை மட்டும் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பு. பசித்த ஒட்டகம் காய்ந்த எலும்பைத் தின்னும் என்று அகநானூற்றில் ஒரு பாட்டு சொல்கிறது. தழை தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். மேய்ச்சலில் பாஸ்பரஸ் சத்துக் குறைந்தால் ஒட்டகங்கள் எலும்பைக் கடித்து மெல்வது இன்றைய கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

கேள்வி: பெண் இருவாச்சி மாதக்கணக்கில் மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்குமாமே? அப்போதுமா தண்ணீர் வேண்டாம்?
– கல்லூரி மாணவி, உடுமலைப்பேட்டை

பதில்: அப்போதும் வேண்டாம், ஆனால் அந்த நாட்களில் அதன் தாகம் முழுவதும் ஆண் பறவையின் பொறுப்பு.

உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் பெண் புகுந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு நெடுக்காக ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே போனதும் சிறகுகளை உதிர்த்துவிடுவதால், நினைத்தாலும் உடனே பறக்க முடியாது. அடைகாக்க 38 முதல் 40 நாட்கள். அதன்பின் குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் வாசலை உடைத்து வெளியே வர, உள்ளே இருக்கும் குஞ்சு மீண்டும் வாசலைப் பூசிக்கொள்ளும். எல்லாம் முடிய ஏறக்குறைய 4 மாதம் ஆகும்.

ஆண் வருவதை முதலில் காது அறியும். நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல இறக்கையோசை கேட்கும். வந்ததும் பொந்தின் ஓரத்தைப் பற்றி நின்று, தலையை ஒருமுறை உதறும். வெறுமையாக இருந்த அலகின் நுனியில் ஓர் அத்திப்பழம் வந்து நிற்கும். அதைக் கீற்றின் வழியாக நீட்ட, உள்ளிருந்து இன்னோர் அலகின் நுனி வாங்கிக்கொள்ளும். மீண்டும் ஓர் உதறல், மீண்டும் ஒரு பழம். தொண்டைக்குள் அடுக்கிக்கொண்டு வந்த பழங்கள் தீரும்வரை இந்தக் கைமாற்றம் நடக்கும். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெள்ளை; கீற்றின் இருட்டுக்குள் அந்த வெள்ளைக் கண் மட்டும் சில நேரம் மின்னும். உள்ளே இருப்பவர்கள் எச்சத்தைக் கீற்றின் வழியாகவே வெளியே பீய்ச்சுவார்கள். அதோடு விழும் விதைகள் முளைத்து, கூட்டு மரத்தடியில் நாற்றங்கால் போட்டதுபோலக் கன்றுகள் நிற்கும். தரையில் அந்த நாற்றைப் பார்த்துவிட்டு மேலே கூட்டைத் தேடுவது காடறிந்தவர்களின் வழக்கம்.

இந்தக் காலத்தில் ஆணுக்கு ஏதேனும் நேர்ந்தால், உள்ளே இருப்பவர்களின் சோறும் தண்ணீரும் ஒன்றாக நின்றுபோகும்.

கேள்வி: இரண்டில் எது வலிமையானது? இடம் மாற்றி விட்டால் எது பிழைக்கும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் பிழைக்காது. ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் மணலுக்கு ஏற்றது, ஈரக் களிமண்ணில் வழுக்கும். மழைக்காட்டு ஈக்கள் பரப்பும் 'சர்ரா' என்ற இரத்த நோய் அதற்கு எமன். பெரிய இருவாச்சிக்குத் தார்ப் பாலையில் பழமும் கிடைக்காது, புகுந்துகொள்ளப் பெரிய பொந்தும் கிடைக்காது.

ஆனால் இருவாச்சிக் குடும்பத்தில் பாலைவாசிகளும் உண்டு. ஆப்பிரிக்காவின் கலகாரியில் வாழும் மஞ்சள் அலகு இருவாச்சி, வெயில் ஏறும்போது அலகு வழியாகவே உடல் சூட்டை வெளியேற்றுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2008 முதல் 2019 வரை அங்கு ஆராய்ந்தவர்கள், பகலின் உச்ச வெப்பச் சராசரி 35.7 டிகிரியைத் தாண்டியபோது கூடுகள் எல்லாமே தோற்றதைக் கண்டார்கள். பாலைக்குப் பழகிய உறவினருக்கே இந்த நிலை என்றால், ஈரக்காட்டுப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வலிமை என்று கேட்டால் ஒட்டகத்தின் பக்கம்தான் என் வாக்கு. ஆனால் தாகம் தாங்கும் வலிமையால் மட்டும் ஓர் இனம் நிலைப்பதில்லை. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.5 லட்சமாகிவிட்டன. தண்ணீர்ப் பஞ்சம் இதற்குக் காரணம் அன்று. பாரம் சுமக்க வண்டிகள் வந்தன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, ஒட்டகம் வளர்க்கும் ராய்கா மக்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள். பெரிய இருவாச்சியை 2018இல் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியதற்கும் காடு குறைந்ததும் வேட்டையுமே காரணம். ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்து உண்ட காடர் பழங்குடியினர் இன்று கேரளத்தின் வாழச்சால் காடுகளில் கூட்டுக் காவலர்களாக இருக்கிறார்கள்; எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

கேள்வி: வால்பாறை அருகே எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தொட்டியில் தண்ணீர் வைக்கிறேன். இருவாச்சி ஒருநாள்கூட வரவில்லை. தொட்டியை இன்னும் பெரிதாக்கினால் வருமா?
– வாசகி, வால்பாறை

பதில்: வராது, ஆனால் தொட்டியை எடுத்துவிட வேண்டாம், கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் அது வேண்டும். இருவாச்சி வேண்டுமானால் உங்கள் எல்லையில் நிற்கும் பழைய அத்தி, ஆல், இச்சி மரங்களை வெட்டாமல் விடுங்கள். தேயிலைக்கு நிழல் கேட்பவர்கள் வெள்ளோக்கு (சில்வர் ஓக்) மரம் நட்டால் போதும் என்பார்கள்; அதில் இருவாச்சி தின்னப் பழம் இல்லை. புதிதாக ஓர் அத்திக்கன்று நட்டாலும் நல்லதுதான், காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அது பழுக்கும் ஆண்டில் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.